மஞ்சள் கருவுக்கு நிறம் தரும் செண்டுமல்லி: பூவுக்கும் அனுமதி எதற்கு?

(வேளாண் நேயர்களுக்காக வானொலியில் நிகழ்த்திய உரை)



முட்டையை உடைத்ததும் நாம் முதலில் பார்ப்பது மஞ்சள் கருவைத்தான். கரு நல்ல மஞ்சளாக இருந்தால் "நல்ல முட்டை" என்கிறோம். வெளிறிப் போயிருந்தால் "என்ன இது, சத்தே இல்லை போலிருக்கே" என்று முகத்தைச் சுளிக்கிறோம். இந்த நிறத்துக்காகக் கோழித் தீவனத்தில் சில பொருள்களைச் சேர்க்கிறார்கள். அவற்றில் முக்கியமானது நம் வயல்களில் விளைகிற செண்டுமல்லி. துலுக்கச் சாமந்தி என்றும் இதைச் சொல்வதுண்டு. இரண்டாவது மிளகாய். காரமில்லாத, நல்ல சிவப்பான மிளகாய்.

இவை இரண்டும் செடியில் விளைந்த பொருள்கள். ஆனாலும் பல நாடுகளில் அரசாங்கத்தின் அனுமதி இல்லாமல் இவற்றின் தூளையோ சாற்றையோ நிறத்துக்காகத் தீவனத்தில் சேர்த்து விற்க முடியாது. "சாயத்துக்குச் சட்டம் இருந்தால் சரி. பூவை அரைச்சுப் போடறதுக்கு எதுக்குங்க சர்க்கார் அனுமதி?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்கு விடை தெரிந்தால் பூ விளைவிப்பவருக்கும் நன்மை, கோழி வளர்ப்பவருக்கும் நன்மை. ஆகவே இன்று அதைப் பற்றிப் பேசலாம்.

கோழி நிறத்தைத் தானே செய்வதில்லை

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மஞ்சள் கருவின் நிறத்தைக் கோழி தன் உடம்பில் உற்பத்தி செய்வதில்லை. தின்கிற தீனியில் இருந்தால்தான் கருவில் வரும். இந்த நிறப் பொருள்களுக்குக் கரோட்டினாய்டுகள் என்று பொதுப் பெயர். அவற்றுள் சாந்தோஃபில் என்ற வகைதான் கருவில் போய்த் தங்குகிறது. லூட்டீன், சியாசாந்தின் ஆகிய இரண்டும் மஞ்சள் நிறம் கொடுப்பவை. மிளகாயில் உள்ள கேப்சாந்தின் சிவப்பு கொடுப்பது. மஞ்சள் அடித்தளமாக நின்று, அதன்மேல் கொஞ்சம் சிவப்பும் சேர்ந்தால் கரு பொன்னிறமாக, ஆரஞ்சாக வரும்.

மஞ்சள் மக்காச்சோளம் 1 கிலோவில் சுமார் 20 மில்லிகிராம் சாந்தோஃபில் இருக்கிறது. நாள்பட்ட இருப்பென்றால் இது குறைந்துகொண்டே போகும். கம்பு, வெள்ளைச் சோளம், அரிசிக் குருணை, தவிடு, மரவள்ளித் திப்பி இவற்றில் இந்தச் சத்து மிகவும் சொற்பம். மக்காச்சோளம் விலை ஏறுகிறபோது பண்ணையாளர்கள் அதைக் குறைத்து, குருணையும் கம்பும் சேர்க்கிறார்கள். முட்டை எண்ணிக்கை குறையாது, எடையும் குறையாது. ஆனால் 10 நாள், 15 நாளில் கரு வெளுத்துவிடும். ஒரு கரு கோழியின் வயிற்றில் திரண்டு முதிர 10 நாள் வரை ஆகிறது. அதனால்தான் தீவனம் மாற்றிய பலன் உடனே தெரியாமல் சில நாள் கழித்துத் தெரிகிறது.

செண்டுமல்லி இதழை உலர்த்திப் பொடித்தால், 1 கிலோ பொடியில் 6,000 மில்லிகிராம் முதல் 10,000 மில்லிகிராம் வரைகூடச் சாந்தோஃபில் இருக்கும். மக்காச்சோளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முந்நூறு மடங்குக்குக் குறையாது. இதனால்தான் உலகம் முழுவதும் கோழித் தீவனக்காரர்கள் இந்தப் பூவைத் தேடுகிறார்கள்.

"அப்படியானால் சமையல் மஞ்சள் தூளைப் போட்டால் போதாதா, கேரட்டைப் போட்டால் போதாதா?" என்று கேட்கலாம். மஞ்சள் தூளின் நிறம் வேறு வகை. கருவுக்கு நிறம் வேண்டும் என்று அதை நம்பி இறங்க முடியாது. கேரட்டில் இருப்பது பீட்டா கரோட்டின். அதைக் கோழி பெரும்பாலும் வைட்டமின் 'ஏ' சத்தாக மாற்றிக்கொள்கிறது. உடம்புக்கு நல்லதுதான். கருவில் தங்கும் நிறம் கொஞ்சமே.

பூ தூளாவது எப்படி?

தமிழ்நாட்டில் சத்தியமங்கலம், தாளவாடி, ஓசூர், தருமபுரி, திண்டுக்கல் பக்கங்களில் தொழிற்சாலைக்கென்று செண்டுமல்லி பயிரிடும் விவசாயிகள் இருக்கிறார்கள். பறித்த பூ தொழிற்சாலைக்குப் போகிறது. மாட்டுக்கு ஊறுகாய்ப் புல் போடுகிறோமே, அதே மாதிரி பூவைக் காற்றுப் புகாமல் அமுக்கிப் புளிக்க வைக்கிறார்கள். பிறகு பிழிந்து, உலர்த்தி, குச்சி குச்சியாக அழுத்துகிறார்கள். அந்தக் குச்சிகளை ஹெக்சேன் என்ற திரவத்தில் ஊறவைத்தால் நிறம் முழுவதும் திரவத்தில் இறங்கிவிடும். கடலைப் புண்ணாக்கில் மிச்சமிருக்கும் எண்ணெயை எடுக்கவும் இதே திரவத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். பிறகு ஹெக்சேனை ஆவியாக்கி எடுத்துவிட்டால் கெட்டியான, கரும்பழுப்பு நிறச் சாறு மிஞ்சும்.

இதோடு வேலை முடியவில்லை. பூவில் லூட்டீன் கொழுப்போடு பிணைந்து கிடக்கிறது. அப்படியே கொடுத்தால் கோழியின் குடல் அதை முழுவதும் ஏற்காது. ஆகவே சாற்றைக் காரத்தோடு சேர்த்துக் காய்ச்சிப் பிணைப்பை விடுவிக்கிறார்கள். சோப்புக் காய்ச்சுவதும் இதே முறைதான். கடைசியில் அதை ஒரு மாவுப் பொருளில் ஏற்றித் தூளாக்குகிறார்கள். காற்றுப் பட்டு நிறம் மங்காமல் இருக்க ஒரு காப்பு மருந்தும் சேர்ப்பார்கள்.

இப்போது எண்ணிப் பாருங்கள். வயலில் இருந்து புறப்பட்டது பூ. பைக்குள் போனது பூ மட்டும்தானா? ஹெக்சேன் மிச்சம் இருக்கலாம். காப்பு மருந்து இருக்கலாம். வயலில் அடித்த பூச்சிமருந்தும் இருக்கலாம். கொழுப்பில் கரையும் பூச்சிமருந்து சாற்றோடு சேர்ந்தே வரும். சாறு சுண்டச் சுண்ட அதன் செறிவும் ஏறும். அனுமதி என்கிற ஏற்பாடு இதையெல்லாம் பார்ப்பதற்குத்தான். பூ நல்லதா கெட்டதா என்று யாரும் சந்தேகப்படவில்லை. பைக்குள் இருப்பது என்ன, எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள்.

அமெரிக்கச் சட்டம் சொல்வது

பூ நம் ஊரில் விளைந்தாலும் சாறு பெருமளவு கடல் கடந்து போகிறது. வாங்குகிறவன் நாட்டுச் சட்டம்தான் நம் பூவுக்கு அளவுகோல். ஆகவே அந்த நாட்டுச் சட்டங்களைக் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் 1960-ஆம் ஆண்டில் நிறப் பொருள்களுக்கான சட்டத் திருத்தம் ஒன்று வந்தது. உணவுக்கு நிறம் கொடுப்பதற்காகச் சேர்க்கிற எந்தப் பொருளும், தொழிற்சாலையில் செய்ததானாலும் செடியில் விளைந்ததானாலும், அரசாங்கத்தின் பட்டியலில் ஏறிய பிறகே பயன்படுத்தப்பட வேண்டும் என்று அது சொன்னது. அந்தப் பட்டியலில் செண்டுமல்லி ஏறியிருக்கிறது. என்ன நிபந்தனையோடு ஏறியிருக்கிறது என்பதைக் கேளுங்கள்.

பூத்தூள் என்றால் செண்டுமல்லி இதழை உலர்த்தி அரைத்ததாக மட்டும் இருக்க வேண்டும். வேறு செடியின் பூவோ இலையோ கலக்கக் கூடாது. அதே செண்டுமல்லிச் செடியின் மற்றப் பாகங்கள்கூடக் கலக்கக் கூடாது. அதாவது காம்பும் இலையும் தண்டும் இதழுக்குக் கீழே இருக்கும் பச்சைக் கிண்ணமும் கணக்கில் சேராது. சாறாக இருந்தால் அதில் மிஞ்சியிருக்கும் ஹெக்சேன் 10 லட்சம் பங்குக்கு 25 பங்குக்கு மேல் போகக் கூடாது. கோழித் தீவனத்தில் தோலுக்கும் முட்டைக்கும் மஞ்சள் நிறம் கூட்டுவதற்கென்று இந்த அனுமதி. அந்த வேலைக்குத் தேவையான அளவே போட வேண்டும். பையின் மேல் சாந்தோஃபில் எவ்வளவு என்று எழுத வேண்டும்.

இங்கே ஒரு வார்த்தை பலரைக் குழப்புகிறது. செடியிலிருந்து வரும் நிறங்களுக்கு அமெரிக்காவில் "சான்றிதழிலிருந்து விலக்கு" உண்டு என்று சொல்வார்கள். இதைக் கேட்டுவிட்டு, "இயற்கை நிறத்துக்கு அனுமதியே வேண்டாம்" என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. தொழிற்சாலைச் சாயம் ஒவ்வொரு தடவை தயாராகும்போதும் அரசாங்கப் பரிசோதனைக்கு மாதிரி அனுப்ப வேண்டும். செடி நிறத்துக்கு அந்த ஒவ்வொரு தடவைச் சோதனையிலிருந்துதான் விலக்கு. பட்டியலில் ஏறுவதிலிருந்து விலக்கு இல்லை. ரேஷன் கடையில் ஒவ்வொரு மாதமும் கார்டுக்குப் புதிதாக மனுப் போட வேண்டாம் என்பதற்காகக் கார்டே வேண்டாம் என்று ஆகிவிடுமா?

ஐரோப்பாவில் என்ன நடைமுறை?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2003-ஆம் ஆண்டில் தீவனச் சேர்க்கைப் பொருள்களுக்கென்று ஒரு சட்டம் வந்தது. அதன்படி ஒரு பொருளை விற்க விரும்புகிறவர் மனுவோடு ஆதாரங்களையும் கொடுக்க வேண்டும். நிபுணர் குழு அவற்றை ஆராயும். கோழிக்குக் கெடுதல் இல்லையா? முட்டை தின்னும் மனிதனுக்குக் கெடுதல் இல்லையா? தூளைக் கையாளும் தொழிலாளியின் மூச்சுக்கும் கண்ணுக்கும் தொல்லை இல்லையா? எருவாக மண்ணில் போய்ச் சேர்ந்தால் சுற்றுப்புறத்துக்குத் தீங்கு இல்லையா? இந்த நாலு கேள்விக்கும் பதில் வேண்டும். ஐந்தாவதாக இன்னொன்றும் கேட்பார்கள். சொன்னபடி நிறம் உண்மையில் வருகிறதா? வராத பொருளை விற்றால் விவசாயிக்குப் பண நஷ்டம் அல்லவா?

அனுமதி கிடைத்தாலும் அது 10 ஆண்டுக்குத்தான். பிறகு புதுப்பிக்க வேண்டும். முன்பே பழக்கத்தில் இருந்த பொருள்களும் மறுபடி சோதனைக்கு வர வேண்டும் என்று வைத்தார்கள். செண்டுமல்லிச் சாறும் அப்படி வந்தது. 2020-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அதற்குப் புது அனுமதி கிடைத்தது. கறிக்கோழிக்கும் முட்டைக்கோழிக்கும் கொடுக்கலாம் என்றார்கள். வான்கோழியை அதில் சேர்க்கவில்லை. 1 கிலோ தீவனத்தில் நிறப் பொருள்கள் எல்லாம் சேர்ந்து 80 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்றும் வரம்பு கட்டினார்கள்.

பூ அதே பூ, சேர்த்த மருந்துதான் வினை

இப்போது முக்கியமான ஒரு செய்தி. நிறம் மங்காமல் இருக்கக் காப்பு மருந்து சேர்ப்பார்கள் என்று சொன்னேன் அல்லவா? நெடுநாளாக வழக்கத்தில் இருந்த மருந்தின் பெயர் எத்தாக்சிக்வின். அமெரிக்க விதியில் செண்டுமல்லித் தூளின் இலக்கணத்திலேயே, நூற்றுக்கு 0.3 பங்குக்கு மேற்படாமல் எத்தாக்சிக்வின் சேர்க்கலாம் என்று இருக்கிறது. அது எவ்வளவு என்று பையின் மேல் எழுதவும் வேண்டும்.

ஐரோப்பாவில் 2015-ஆம் ஆண்டில் நிபுணர்கள் இந்த மருந்தை ஆராய்ந்தார்கள். அதனுடன் சேர்ந்து வரும் ஒரு கசடு உயிரணுக்களின் மரபுக்கூற்றைப் பாதிக்கக்கூடும், அது பத்திரமானது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றார்கள். 2017-ஆம் ஆண்டில் எத்தாக்சிக்வினுக்கு இருந்த அனுமதியை நிறுத்திவைத்தார்கள். 2022-ஆம் ஆண்டில் அனுமதி இல்லை என்றே முடிவு செய்துவிட்டார்கள்.

பார்த்தீர்களா? அதே செண்டுமல்லி, அதே மஞ்சள். எத்தாக்சிக்வின் சேர்த்த தூளை ஒரு நாட்டில் விற்கலாம், இன்னொரு நாட்டில் விற்க முடியாது. "நம்முடையது சுத்தமான பூ" என்று எவ்வளவு உரக்கச் சொன்னாலும் துறைமுகத்தில் செல்லாது. ஆகவே வெளிநாட்டுக்கு அனுப்புகிற தொழிற்சாலைகள் வேறு காப்பு மருந்துக்கு மாற வேண்டியதாயிற்று.

இயற்கையில் இருக்கிறது என்பதும் முழுச் சமாதானம் ஆகாது. காந்தாசாந்தின் என்று ஒரு சிவப்பு நிறப் பொருள் உண்டு. சில காளானிலும் பூநாரைச் சிறகிலும் தானாகவே இருப்பது. தொழிற்சாலையில் அதையே செய்து தீவனத்துக்கு விற்றார்கள். மேனி நிறம் மாறுவதற்காக இதை மாத்திரையாக நிறைய விழுங்கிய சிலருடைய கண்ணின் உட்திரையில் சிறு படிகங்கள் படிந்ததை மருத்துவர்கள் கண்டார்கள். அதன் பேரில் ஐரோப்பாவில் 2003-ஆம் ஆண்டில் வரம்பைக் குறைத்தார்கள். முன்பு 1 கிலோ தீவனத்துக்கு 80 மில்லிகிராம் வரை அனுமதி. பிறகு கறிக்கோழிக்கு 25, முட்டைக்கோழிக்கு 8 என்று ஆயிற்று. பொருளை அடியோடு விலக்கவில்லை. அளவைத்தான் பிடித்தார்கள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதைத்தான்.

கலப்படம் செய்த கேடு

அனுமதியும் சோதனையும் இல்லாவிட்டால் என்ன ஆகும்? இரண்டு நடப்புகளைச் சொல்கிறேன்.

சூடான் சாயம் என்று ஒன்று இருக்கிறது. மெழுகுக்கும் எண்ணெய்க்கும் பாலிஷுக்கும் சிவப்பு ஏற்றுகிற தொழிற்சாலைச் சாயம். புற்றுநோய் உண்டாக்கலாம் என்ற ஐயம் உள்ளது. நம் நாட்டிலும் உணவில் சேர்க்க அனுமதி கிடையாது. 2003-ஆம் ஆண்டு மே மாதம், இந்தியாவிலிருந்து போன மிளகாய்ப் பொருள்களில் இந்தச் சாயம் இருப்பதைப் பிரான்சு நாட்டில் கண்டுபிடித்தார்கள். உடனே ஐரோப்பா முழுவதும் மிளகாய் லோடு ஒவ்வொன்றுக்கும் சோதனைச் சான்று கேட்டார்கள். 2005-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில், பழைய மிளகாய்த் தூளில் இருந்த இதே சாயம் ஒரு சாஸில் கலந்துவிட்டதாகத் தெரிந்து, அதைச் சேர்த்துச் செய்த நூற்றுக்கணக்கான உணவுப் பண்டங்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். சாயம் கலந்தவர் சிலர். சந்தேகப் பார்வையோ இந்திய மிளகாய் முழுவதின்மேலும் விழுந்தது. வெயிலில் காய்ந்து நேர்மையாக விளைவித்தவரும் சேர்ந்துதான் சுமந்தார்.

இரண்டாவது நடப்பு சீனாவில். அங்கே ஏரிக்கரையில் மேய்ந்த வாத்தின் முட்டைக்கு நல்ல மதிப்பு. கரு சிவந்திருக்கும். அந்தச் சிவப்புக்கு விலை அதிகம் என்று கண்ட சிலர், ஹெபெய் மாகாணத்தில் வாத்துத் தீவனத்திலேயே சூடான் சாயத்தைக் கலந்தார்கள். 2006-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் விஷயம் வெளியே வந்தது. பெய்ஜிங் நகரில் அந்த முட்டை விற்பனையை நிறுத்தினார்கள். கரு சிவந்த முட்டை என்றாலே மக்கள் ஒதுங்கினார்கள். மேய்ச்சலில் உண்மையாகவே சிவந்த கருவைக் கொடுத்த வாத்துக்காரரும் விற்க முடியாமல் நின்றார்.

நம் ஊரிலும் கரு அழுத்தமான நிறத்தில் இருந்தால் நாட்டுக்கோழி முட்டை என்று நம்பிக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். எங்கே நிறத்துக்கு விலை இருக்கிறதோ, அங்கே கலப்படத்துக்கும் ஆசை வரும். அந்த ஆசைக்குக் குறுக்கே நிற்கும் வேலிதான் அனுமதிப் பட்டியல். பயிரை மேயாமல் காக்கிற வேலியை யாராவது தொந்தரவு என்பார்களா?

பூ விளைவிப்போர் கவனிக்க வேண்டியவை

தொழிற்சாலைக்குப் பூக் கொடுப்பவர்கள் நன்றாக விரிந்த, அழுத்தமான ஆரஞ்சு நிறப் பூவைப் பறியுங்கள். நிறம் அழுத்தமாக இருந்தால் லூட்டீனும் கூடுதல். எடை கூடட்டும் என்று காம்பையும் இலையையும் சேர்த்துப் போடாதீர்கள். முன்பு சொன்ன விதியை நினைத்துப் பாருங்கள். இதழுக்குத்தான் அனுமதி.

பூச்சிமருந்து விஷயத்தில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். "இது சாமிக்குப் போற பூவுதானே, யாரு தின்னப் போறாங்க" என்று நினைத்து அடிக்காதீர்கள். இந்தப் பூ கோழி வழியாக முட்டைக்கும், முட்டை வழியாக ஒரு குழந்தையின் தட்டுக்கும் போகிறது. ஒப்பந்தம் செய்த நிறுவனம் எந்த மருந்தைச் சொல்கிறதோ அதை மட்டும், சொன்ன அளவில் அடியுங்கள். அடித்த நாளுக்கும் பறிக்கிற நாளுக்கும் இடையில் சொன்ன இடைவெளியை விடுங்கள். தேதியை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பூவைத் திருப்பி அனுப்பினால் அந்த நோட்டுத்தான் உங்களுக்குச் சாட்சி.

கோழி வளர்ப்போர் கவனிக்க வேண்டியவை

நிறத்தூள் வாங்கும்போது பையைத் திருப்பிப் பாருங்கள். எந்தச் செடியிலிருந்து எடுத்தது, 1 கிலோவில் எத்தனை கிராம் சாந்தோஃபில், என்ன காப்பு மருந்து, எந்தத் தேதியில் தயாரானது, யார் தயாரித்தது என்று இருக்க வேண்டும். "இயற்கை நிறம்" என்று பெரிய எழுத்தில் போட்டு, மற்றது ஒன்றுமே எழுதாத பையை வாங்காதீர்கள். விலை மலிவாக, கைபட்டாலே கழுவப் போகாத சிவப்பாக யாராவது உதிரியாகக் கொண்டுவந்தால் தொடவே வேண்டாம்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள். 1 கிலோ தீவனத்தில் 10 மில்லிகிராம் சாந்தோஃபில் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 1 டன்னுக்கு 10 கிராம் ஆகிறது. தூளில் கிலோவுக்கு 20 கிராம் சத்து இருக்கிறது என்று பையில் போட்டிருந்தால், 1 டன் தீவனத்துக்கு அரைக் கிலோ தூள் போதும். டன்னுக்கு 500 கிலோ மஞ்சள் மக்காச்சோளம் போட்டாலும் ஏறக்குறைய அதே 10 கிராம்தான் கிடைக்கும். ஆகவே மக்காச்சோளம் தாராளமாகப் போடுகிறவருக்குத் தூள் மிகக் குறைவாகவே தேவைப்படும், சில சமயம் தேவையே இராது. அரைக் கிலோ தூளை அப்படியே 1 டன்னில் கொட்டினால் சீராகப் பரவாது. முதலில் 5 கிலோ, 10 கிலோ தவிட்டில் நன்றாகக் கலந்துகொண்டு, பிறகு மொத்தத்தில் கலக்குங்கள். தூளை வெயில் படாத, சூடு இல்லாத இடத்தில், வாய் கட்டி வையுங்கள்.

கருவின் நிறத்தைக் கண்ணால் மட்டும் மதிப்பிடாமல் இருக்க நிற விசிறி என்று ஒன்று இருக்கிறது. வெளிர் மஞ்சளிலிருந்து அழுத்தமான ஆரஞ்சு வரை வரிசையாக எண் போட்ட பட்டைகள். கருவின் பக்கத்தில் வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளலாம்.

இன்னொரு எச்சரிக்கை. தீவனம் மாற்றாமலே கரு திடீரென்று வெளுத்தால் நிறத்தூளைத் தேடி ஓடாதீர்கள். தீவனத்தில் பூஞ்சக்காளான் பிடித்திருக்கலாம். கோழிக்கு இரத்தக் கழிச்சல் நோய் இருக்கலாம். இரண்டிலும் குடல் நிறத்தைச் சரியாக ஏற்காது. வெளுத்த கரு அங்கே நோயைக் காட்டிக் கொடுக்கிற அடையாளம். அதை நிறம் போட்டு மறைத்தால் நோய் உள்ளே வளரும். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கொல்லையில் கோழி வளர்க்கும் தாய்மார்களுக்கு

உங்களுக்குப் பை வாங்கும் செலவே வேண்டாம். பச்சைப் புல், கீரைத் தழை, முருங்கை இலை, குதிரைமசால் எல்லாவற்றிலும் லூட்டீன் இருக்கிறது. பச்சை நிறம் அதை மூடிக்கொண்டிருப்பதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. மேய்கிற கோழியின் முட்டை பொன்னிறமாக இருப்பது அதனால்தான். சவுண்டல் இலையும் நிறம் தரும். ஆனால் அதில் மைமோசின் என்ற கெடுதலான பொருள் இருக்கிறது. உலர்த்திப் பொடித்து, தீவனத்தில் நூற்றுக்கு 5 பங்குக்கு மேற்படாமல் சேருங்கள்.

வீட்டில் மருந்தடிக்காத செண்டுமல்லி இருந்தால், இதழை மட்டும் உதிர்த்து நிழலில் உலர்த்திப் பொடித்துக் கொடுக்கலாம். பத்துக் கிலோ பூவுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ சருகு கிடைக்கும். கோயிலிலும் கல்யாண வீட்டிலும் கழித்த மாலையைக் கோழிக்குப் போடாதீர்கள். அந்தப் பூவில் என்ன மருந்து அடித்தார்கள் என்று தெரியாது. நூலும் ஜிகினாவும் கோழியின் இரைப்பையில் சிக்கும்.

கடைசியாக ஒன்று. கரு சிவந்ததால் முட்டையின் புரதம் கூடிவிடாது. வெளுத்ததால் குறைந்துவிடாது. நிறம் கண்ணுக்கு விருந்து, வாங்குகிறவருக்கு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்குக் காசு வாங்குகிறோம். ஆகவே அந்த நிறம் எங்கிருந்து வந்தது என்று யார் கேட்டாலும் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். எந்தப் பூ, எந்தப் பாகம், எப்படி எடுத்தது, என்ன சேர்த்தது, எவ்வளவு போட்டது. இந்த ஐந்துக்கும் விடை கையில் இருந்தால் எந்த நாட்டு அதிகாரி வந்தாலும் பயமில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு முட்டை கொடுக்கும்போதும் மனசு உறுத்தாது.